சங்கிலியை அடகு வைக்காமலே மகளுக்கு லேப்டாப் வாங்கலாம்

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் வீட்டிலேயே தையல் தைக்கிறார். ஒரு ஜாக்கெட்டுக்கு 150 ரூபாய் கூலி. கணவருக்கு அரிசி ஆலையில் வேலை. அரசுப் பள்ளியில் படித்த மகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மதுரைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. லேப்டாப் மட்டும் கைக்காசில் வாங்க வேண்டும். மகளிர் குழுச் சேமிப்பும் சீட்டுப் பணமுமாகக் கையில் 42,000 ரூபாய் இருக்கிறது.

கடைக்குப் போனபோது அவருக்குக் காட்டியது 82,000 ரூபாய் விலையுள்ள கேமிங் லேப்டாப். "கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைக்கு இதற்குக் கீழே வாங்கினால் ஒரே ஆண்டில் திரும்ப வருவீர்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். முன்பணம் 12,000, பிறகு மாதம் 6,400 வீதம் 12 தவணை, கோப்புக் கட்டணம் 1,500. "வட்டியே கிடையாது" என்ற உறுதிமொழியும் உண்டு. அதே கடையில் 36,500 ரூபாய்க்கு இன்டெல் ஐ3-1215யு பிராசசர் உள்ளது ஒன்று, 41,000 ரூபாய்க்கு ரைசன் 5 7520யு உள்ளது ஒன்று. இரண்டிலும் 8 ஜிபி ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்). இதற்கிடையே சென்னையில் இருக்கும் நாத்தனார் மகன், தான் பயன்படுத்திய ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப்பை 19,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்.

மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து கேமிங் லேப்டாப்பையே வாங்கிவிடலாம் என்று இந்தத் தாய் ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டார். "என் கழுத்துச் சங்கிலி அவள் படிப்பைவிடப் பெரிதா? விலை குறைந்ததை வாங்கிக் கொடுத்து அவள் வகுப்பில் பின்தங்கிப் போனால் என்னால் தாங்க முடியாது" என்கிறார். அரசு தரும் மடிக்கணினிக்குக் காத்திருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பொறியியல் மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பதும் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வதும்தான் இத்தனை ஆண்டுகளாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். உங்கள் கையில் இருக்கும் 42,000 ரூபாய் இந்தப் படிப்புக்குப் போதும். எப்படிப் போதும் என்று விளக்குகிறேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசியுங்கள். கடையில் சில கேள்விகளை அவள்தான் கேட்க வேண்டியிருக்கும்.

இந்தப் படிப்பு கணினியிடம் என்ன கேட்கிறது

முதல் ஆண்டில் உங்கள் மகள் பைத்தான், சி ஆகிய மொழிகளில் நிரல் எழுதுவாள். ஒவ்வொன்றும் நாற்பது, ஐம்பது வரி இருக்கும். எண்களை ஏறுவரிசையில் அடுக்குவது, வட்டி கணக்கிடுவது, 'விகடகவி' போல முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிப்பது, இப்படிப்பட்ட பயிற்சிகள். பத்து ஆண்டுப் பழைய கணினியில் இயக்கினாலும் கண் இமைப்பதற்குள் விடை வந்துவிடும். நேரம் பிடிப்பது பிள்ளை யோசிப்பதற்குத்தான். இரண்டாம் ஆண்டில் ஜாவா, தரவுத்தளம், லினக்ஸ் என்று வரும்போதும் இன்றைய சாதாரண லேப்டாப் தாராளமாக ஈடுகொடுக்கும்.

மூன்றாம் ஆண்டில்தான் சுமை கூடும். கைபேசிச் செயலி எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வேண்டும். அதற்குள்ளேயே ஒரு போலிக் கைபேசியைத் திரையில் ஓடவிட வேண்டும். பக்கத்தில் பிரவுசரில் பத்துப் பக்கங்கள் திறந்திருக்கும். அப்போது 8 ஜிபி ரேம் மூச்சு வாங்கும், 16 ஜிபி இருந்தால் வேலை தடையின்றி நடக்கும். அதனால் நீங்கள் வாங்கும் லேப்டாப்பில் ரேமைப் பிறகு கூட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பிராசசர் ஐ5-ஆ ஐ7-ஆ என்பது அதற்கு அடுத்துத்தான்.

"செயற்கை நுண்ணறிவுக்கு கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது" என்றும் கடையில் சொல்லியிருக்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். ஆனால் அவர்கள் காட்டியதில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3050 என்றும் அதன் தனி நினைவகம் 4 ஜிபி என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய மாதிரிகளுக்கு அதுவும் பற்றாது. மாணவர்கள் செய்யும் அளவுக்கு கூகுள் கோலாப் என்ற இணையச் சேவை இருக்கிறது. நிரலை இங்கே தட்டச்சு செய்தால் அது கூகுளின் கணினியில் ஓடும். நேர வரம்போடு கிராஃபிக்ஸ் கார்டையும் இலவசமாகத் தருகிறார்கள். என் மாணவர்களில் பெரும்பாலோர் இறுதியாண்டுத் திட்டப்பணியை அதில்தான் முடிக்கிறார்கள். முப்பரிமாண விளையாட்டுகளை உருவாக்குவதே உங்கள் மகளின் ஆசை என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அவள் தினமும் வாடிப்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கல்லூரி பஸ்ஸைப் பிடிப்பதாகச் சொல்கிறீர்கள். கேமிங் லேப்டாப்பும் அதன் செங்கல் போன்ற சார்ஜரும் சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கும். புத்தகம், சாப்பாட்டுப் பாத்திரம், தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்கு மேல். காலை நெரிசலில் அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்து சேரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வகுப்புக்குள் நுழைந்ததும் அவர்கள் கண் முதலில் தேடுவது சுவரில் பிளக் எங்கே இருக்கிறது என்பதைத்தான். சார்ஜ் மதியம்வரை நிற்காது. மே மாத வெயிலில் அந்த மின்விசிறி போடும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவருக்குப் பாடமே கேட்காது. ஒன்றரை கிலோ அளவில், ஐந்தாறு மணி நேரம் சார்ஜ் நிற்கும் லேப்டாப்தான் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு ஏற்றது.

பெயரில் இருக்கும் எண்ணை நம்பி ஏமாற வேண்டாம்

ஐ5 என்றால் ஐ3-ஐவிட எப்போதும் மேல் என்று நினைத்திருக்கிறீர்கள். இந்த நம்பிக்கையால் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 5, 7 என்ற எண்கள் ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடுவதற்கானவை. நாத்தனார் மகன் தருவது ஐ5-7200யு. அதற்குள் கோர் எனப்படும் வேலையாள் இரண்டே பேர். கடையில் பார்த்த ஐ3-1215யு 2022-ல் வந்தது. அதில் ஆறு பேர். இரண்டுக்கும் போட்டி வைத்தால் புது ஐ3 எளிதில் முந்திவிடும். அதோடு விண்டோஸ் 11 ஏழாம் தலைமுறை ஐ5-ஐ முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு ஓட்டலாம்தான், ஆனால் அதற்கு 19,000 ரூபாய் மிக அதிகம். உறவுக்காரர் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். பயன்படுத்தியதை வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்கள் கழித்துவிடும் லேப்டாப்புகள் உடல் உறுதியானவை. எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது, பேட்டரியைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

41,000 ரூபாய் ரைசன் இன்னும் நுட்பமான விஷயம். ரைசன் 5 7520யு என்ற பெயர் கேட்கப் புதிதாக இருக்கும். உள்ளே இருப்பது 2019-ல் வந்த வடிவமைப்பு. கோர் நான்குதான். இதைவிடச் சிறிய எண் கொண்ட பழைய 5500யு-வில் ஆறு கோர் உண்டு. 7530யு என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு இலக்கம்தான் வேறு, ஆனால் அதிலும் ஆறு கோர் உண்டு, வடிவமைப்பும் புதியது. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும். அது 2 என்றால் பழையது, 3 என்றால் அதற்கு அடுத்தது. என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. 7520யு உள்ள லேப்டாப்பில் ரேம் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கினால் நான்காம் ஆண்டிலும் 8 ஜிபிதான். மூன்றாம் ஆண்டுச் சுமையைப் பற்றி மேலே சொன்னேனே, அந்த நேரத்தில் இதைக் கூட்டுவதற்கு வழியே இருக்காது.

அதனால் உங்கள் பட்டியலில் நான் தேர்ந்தெடுப்பது விலை மிகக் குறைந்த 36,500 ரூபாய் ஐ3 லேப்டாப். அதில் ரேமுக்குக் காலி இடம் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதைக் கடையிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி என்பதைத் தொட்டால் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி இருக்கும். 'இரண்டில் ஒன்று' என்று காட்டினால் பெரும்பாலும் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று பொருள். அதற்கு மேலேயோ கீழேயோ 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால், இருக்கும் ரேம் பற்றவைக்கப்பட்டது. அப்போது கூடுதலாக ஓர் இடம் உண்டா என்று மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

ரேமை இப்போதே கூட்டுவதா, பிறகா? முன்பெல்லாம் "பிறகு வாங்குங்கள், விலை இறங்கும்" என்றுதான் சொல்வேன். 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியதிலிருந்து அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். உங்களுக்கு 5,500 ரூபாய் மிச்சம் இருக்கும். கூடுதல் 8 ஜிபிக்கு அன்றைய விலை அதற்குள் அடங்கினால் கடையிலேயே போட்டுவிடுங்கள். அடங்காவிட்டால் கவலை வேண்டாம், இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

வட்டியில்லாத் தவணையின் வட்டி

சங்கிலிக் கணக்குக்கு வருகிறேன். 12,000 முன்பணம், 6,400 வீதம் 12 தவணைக்கு 76,800, கட்டணம் 1,500. கூட்டினால் 90,300 ரூபாய். லேப்டாப் விலை 82,000. வட்டியே இல்லை என்று சொல்லி வாங்கும் கூடுதல் தொகை 8,300. உங்கள் கூலியில் அது 55 ஜாக்கெட். கட்டிவரும் தவணையால் நிலுவை மாதாமாதம் குறைவதையும், கட்டணம் தொடக்கத்திலேயே போய்விடுவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மாதம் நூற்றுக்கு ஏறக்குறைய 1 ரூபாய் 80 காசு வட்டி விழுகிறது. சுழிய வட்டி என்று உண்மையில் ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. ஒரு தவணை தப்பினால் அபராதம் தனி, கடன் வரலாற்றில் கறை தனி. நாளைக்கு மகள் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் கேட்கும்போது, உடன் கையெழுத்திடும் பெற்றோரின் அந்த வரலாற்றையும் வங்கி பார்க்கும்.

இந்தத் தவணையோடு அடகு வட்டியும் சேர்ந்தால், ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் வட்டி கட்டுவீர்கள். நகைக் கடனைக் கெடுவுக்குள் திருப்ப முடியாமல் ஏல நோட்டீஸ் வந்து நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். லேப்டாப்பின் மதிப்பு பெட்டியைப் பிரித்த அன்றே இறங்கத் தொடங்கிவிடும். பவுன் அப்படி இல்லை. சங்கிலி படிப்பைவிடப் பெரிதா என்று கேட்டீர்கள். இல்லை அம்மா. படிப்புக்கே ஒரு நெருக்கடி வந்தால் அந்தச் சங்கிலி கைகொடுக்க வேண்டும், அதனால்தான் இப்போது தொட வேண்டாம் என்கிறேன்.

உங்கள் மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கு வரும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விண்ணப்பித்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே கல்லூரியில் இதைக் கவனிக்கும் ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். ரேம் கூட்டுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் அந்தப் பணத்திலிருந்தே நடந்துவிடும்.

கல்விக் கடனைப் பற்றியும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவையான கணினியின் விலையையும் சேர்த்துக் கேட்கலாம். உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது. கையில் பணம் இல்லாத வேறு பெற்றோர் வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

அரசு மடிக்கணினிக்குக் காத்திருக்கலாமா

2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவிக்கப்பட்டது. மகளின் கல்லூரி அதில் வருகிறதா, எந்த ஆண்டு மாணவர்களுக்குக் கிடைக்கும் என்று கல்லூரி அலுவலகத்தில் நேரடியாகக் கேளுங்கள். இந்தப் பருவத்துக்குள் கிடைக்கும் என்று உறுதியாகச் சொன்னால் காத்திருங்கள். 42,000 ரூபாயும் அப்படியே மிஞ்சும். "வரும், வரும்" என்ற பதில்தான் கிடைக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். ஆய்வகத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் கணினி கையில் கிடைக்கும். நிரல் எழுதுவது தையல் போலத்தான். மிஷினில் உட்கார்ந்து, நூல் அறுந்து, பிரித்துத் தைத்தால்தான் கை வரும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு மாலையில் வீட்டில் அப்படித் தட்டுத் தடுமாறிப் பழக ஒரு லேப்டாப் வேண்டும். முதல் பருவத்தின் பாதிக்குள் வாங்கிவிடுங்கள். அதுவரை விடுமுறை நாட்களில் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். அங்கே டிஜிட்டல் நூலகப் பிரிவும் இருக்கிறது.

கடையில்

காலையில், கூட்டம் சேர்வதற்கு முன் போங்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடை, பை-பாஸ் ரோட்டில் ஒரு கடை என்று இரண்டு இடத்திலாவது ஒரே மாடலுக்கு விலை கேளுங்கள். திரை 1920-க்கு 1080 அளவுள்ளதா என்று பாருங்கள். 1366-க்கு 768 என்றால் நிரலின் பாதி வரிகள் கண்ணுக்குத் தெரியாது. திரையைப் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள், நிறம் வெளுத்தால் வேண்டாம். விசைப்பலகையில் மகளை இரண்டு பக்கம் தட்டச்சு செய்து பார்க்கச் சொல்லுங்கள், நான்கு ஆண்டும் அவள் விரல்தான் அதில் இருக்கப்போகிறது. விண்டோஸ் முறையான உரிமத்தோடு வருகிறதா என்று கேளுங்கள். ஆண்டிவைரஸ், காப்பீடு என்று பில்லில் சேர்க்கப் பார்ப்பார்கள். விண்டோஸிலேயே பாதுகாப்பு மென்பொருள் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெட்டியின் சீல் உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். என் தம்பி மகனுக்கு வாங்கியபோது இதை நான் கவனிக்கத் தவறினேன். வீட்டுக்கு வந்து வரிசை எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், வாரண்டி ஐந்து மாதம் முன்பே தொடங்கியிருந்தது. காட்சிக்கு வைத்திருந்ததைத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்று முறை நடந்த பிறகுதான் மாற்றிக் கிடைத்தது. நீங்கள் கடையிலேயே கைபேசியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். சர்வீஸ் சென்டர் மதுரையில் எங்கே இருக்கிறது என்றும் அப்போதே கேளுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். பில் இல்லையென்றால் வாரண்டி கேட்பதும் புகார் கொடுப்பதும் சிக்கலாகிவிடும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள். பில் தர மறுப்பதும் அப்படியே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பில்லை மகளின் பெயரில் போடச் சொல்லுங்கள். அதைப் படம் எடுத்து உங்கள் கைபேசியிலும் அவளுடைய மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். கடைகளின் பில் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும்.